காயம் பட்ட தேதி

பெண்கள் சிறையின் கேட் அறையில் போன் அடித்தபோது பூட்டம்மா தண்ணீர்த் தொட்டியடியில் இரண்டு கைதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியின் பல் பட்டு இவளுடைய விரல் முட்டி கிழிந்திருந்தது. இன்னொருத்தி தகர வாளியை ஓங்கியிருந்தாள். அது இறங்கியிருந்தால் யாருடைய மண்டையாவது பிளந்திருக்கும். பூட்டம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, கன்னம் சுவரில் உரசும்படி அவளைச் சாத்தி நிறுத்தினாள். வாளி உருண்டு போய் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்து, "போன்ல யாரு?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்துக்கா. மார்பகப் பிரிவு நர்ஸாம்," என்றாள் கேட் காவலர்.

பூட்டம்மாவின் பிடி தளர்ந்தது. சுவரோரம் நின்றவள் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு நழுவிவிட்டாள்.

பூட்டம்மாவுக்கு அங்கே வார்டராக இருபத்து நான்கு வருட சர்வீஸ். அறையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள் என்பதால் எந்தக் காலத்திலோ ஒரு கைதி வைத்த பெயர் 'பூட்டம்மா'. அதுவே நிலைத்துவிட்டது. கண்காணிப்பாளர்கூடச் சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அலமாரி மாதிரி தோள், கனத்த கை. லத்தியை எடுப்பது அபூர்வம். எடுத்தால் வீணாகப் போகாது. கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் ஒரு எறும்பைக்கூட நசுக்காமல் ஊதித் தள்ளுகிற ஆள். "நம்ம வீட்டுல சத்தமா பேசுறதுக்கு ஒரு ஆளு போதும்" என்று சிரிப்பார். இருப்பது ஒரே மகள். அவளையும் கட்டிக்கொடுத்தாயிற்று.

ரத்தம் வழிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பூட்டம்மா போனை எடுத்தாள். பத்து நாளைக்கு முன்னால் அவளுடைய இடது மார்புக்குள் ஊசியைச் செலுத்திச் சதை எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை.

"நல்ல செய்திதான்மா. புற்றுநோய் இல்ல," என்றார் நர்ஸ்.

பூட்டம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஸ்டூல் முனகியது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். சொல்லுங்க."

"ஆனா சர்ஜனை ஒரு தடவை பாத்தாகணும். வர்ற வியாழக்கிழமை காலைல பத்து மணி. கட்டிக்குள்ள செத்துப்போன கொழுப்புதான் இருக்குன்னு ரிப்போர்ட்ல வந்திருக்கு. பலமா அடிபட்டா அப்படி ஆகும். கொழுப்பு செத்து, இறுகி, கட்டி மாதிரி ஆயிடும். அது ஒண்ணும் பண்ணாது. ஆனா ஸ்கேன்ல பாக்கறப்ப ஓரம் கொஞ்சம் கரடுமுரடா தெரியுது. ரெண்டும் சரியா ஒத்துப்போகல. அதான் வெட்டி எடுக்கணுமா, சும்மா விட்டுடலாமான்னு சர்ஜன் முடிவு பண்ணுவாங்க."

பிறகு நர்ஸ் ஒரு பட்டியல் சொன்னார். மேமோகிராம் படம், ஸ்கேன் படம், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாம் கொண்டுவர வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரை எழுதி வர வேண்டும். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று கேட்டு வர வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டு வந்தால் நல்லது. கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்ளலாம், ஏனென்றால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் மறந்துபோகும். கூட ஒரு ஆளைக் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.

"கடைசியா ஒண்ணும்மா. ரொம்ப முக்கியம். அந்த இடத்துல எப்ப அடிபட்டுச்சு, எதால பட்டுச்சு, எவ்வளவு வேகமா பட்டுச்சு, இதையெல்லாம் யோசிச்சு எழுதிட்டு வாங்க. அதை வச்சுத்தான் சர்ஜன் முடிவு பண்ணுவாங்க."

போனை வைத்த பிறகும் பூட்டம்மா எழுந்திருக்கவில்லை. கேட் காவலர் சிரித்த முகமாக, "ஒண்ணுமில்லைன்னுட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லைன்னுட்டாங்க," என்றாள் பூட்டம்மா. ஆனால் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அடிபட்ட தேதி அவளுக்கு நன்றாகவே தெரியும். சிறைப் பதிவேட்டில் இருந்தது வேறு தேதி.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்றாவது மாடி. இரண்டாவது மாடிப் படியில் கால் வைக்கும்போதே சத்தம் கேட்டது. பாத்திரம் விழுகிற சத்தம், அதற்குப் பின்னால் மகளின் "வேணாங்க, வேணாங்க". கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை.

மருமகன் டயர் கடை வைத்திருப்பவன். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி உருட்டுகிற கை அவனுக்கு. வண்டிச் சாவியை மகள் எங்கோ இடம் மாற்றி வைத்துவிட்டாளாம், அவ்வளவுதான் விஷயம். அவளை அடுப்பு மேடைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் இருக்கிற முடுக்கில் தள்ளி, தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, இன்னொரு கையில் இருந்த ஹெல்மெட்டால் அடித்துக்கொண்டிருந்தான். தோளில் ஒன்று, காதோரம் ஒன்று. மூன்றாவதை அவன் ஓங்கும்போது பூட்டம்மா நடுவில் பாய்ந்துவிட்டாள். ஹெல்மெட்டின் விளிம்பு அவளுடைய இடது மார்பில் முழு வேகத்தோடு இறங்கியது.

மூச்சு நின்றுவிட்டது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

"நீங்க ஏன் அத்தை குறுக்க வர்றீங்க?" என்றான் மருமகன், ஏதோ பஸ்ஸில் காலை மிதித்துவிட்டவன் மாதிரி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே போனான். சாவி அவன் சட்டைப் பையிலேயேதான் இருந்திருக்கிறது. கீழே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

மகள் முதலில் தன் காதைத் துடைக்கவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. உன் டிபார்ட்மென்ட் ஆளுங்க வந்து நின்னா என் வாழ்க்கையே போச்சு. கோவம் வந்தா இப்படித்தான், மத்தபடி நல்லவர்தாம்மா."

மத்தபடி நல்லவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் முதன்முதலாகக் கன்றிய கையைக் காட்டியபோது, "ஆம்பளைங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொன்னது பூட்டம்மாவேதான். சிறைக்குள் நூறு பேரை அடக்குகிறவளுக்கு அன்றைக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது அது நினைவுக்கு வந்தது. மென்று விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நான்கு நாள் கழித்துத் தையல் கொட்டகையில் அந்தச் சம்பவம் நடந்தது. எண்ணிக்கை எடுக்கிற நேரம். இரண்டு பேர் நூல்கண்டுக்காகக் கட்டிப் புரண்டார்கள். ஒரு மிஷின் சாய்ந்தது, எல்லாரும் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். ஓடியவர்களில் ஒருத்தி 'ஊசி'. ஒல்லியான, நாற்பது வயது தாண்டிய கைதி. அந்தக் கொட்டகையிலேயே நல்ல தையல்காரி; நாக்கும் அதே கூர்மை என்பதால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது. ஓடுகிற வேகத்தில் அவளுடைய முழங்கை பூட்டம்மாவின் மார்பில் இடித்தது. லேசாகத்தான். நெரிசலில் பஸ் ஏறும்போது இடிப்பார்களே, அவ்வளவுதான். ஆனால் பட்ட இடத்திலேயே பட்டது.

நாற்பது கைதிகள் பார்க்கப் பூட்டம்மா முழங்காலில் விழுந்தாள். எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

உடை மாற்றும் அறையில் சக வார்டர் அவள் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அய்யோ, என்னக்கா இது!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறுநீலம், ஓரத்தில் மஞ்சள். அடிபட்ட உடம்பை வருடக்கணக்காகப் பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சளைக் கண்டதுமே தெரிந்திருக்க வேண்டும், இது நாலு நாள் பழசு என்று. யாரும் யோசிக்கவில்லை. பூட்டம்மா யோசிக்க விடவும் இல்லை.

"ஊசி குத்திட்டா," என்றாள். "முழங்கையால. வேணும்னேதான் குத்தினா."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஊசிக்குப் பதினைந்து நாள் தனி அறை. மூன்று மாதம் குடும்பத்தைப் பார்க்க முடியாது. நன்னடத்தைக்காகத் தண்டனையில் குறைத்திருந்த நாற்பது நாளும் போயிற்று.

அதோடு நிற்கவில்லை. ஊசியைத் தனி அறைக்குக் கொண்டுபோய் விட்டது பூட்டம்மா. கதவை உள்பக்கமாகச் சாத்தினாள்.

"மேடம், நான் வேணும்னு இடிக்கல மேடம். சாமி சத்தியமா."

முதல் அடி தொடையில் விழுந்தது. இரண்டாவது முதுகில். ஊசி சுருண்டுகொண்டாள். பூட்டம்மா நிறுத்தவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. அடிக்க அடிக்க மார்பில் வலி குத்தியது. வலி குத்தக் குத்த அடித்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் ஊசி இல்லை. ஹெல்மெட்டும் அந்த முடுக்கும் "ஏன் அத்தை குறுக்க வர்றீங்க?" என்ற குரலும்தான் இருந்தன. முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஊசி வலது கையைத் தூக்கினாள். லத்தி அதன்மேல் இறங்கியது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் பூட்டம்மா நின்றாள்.

கதவைப் பூட்டிவிட்டு வழக்கம்போல மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

பூட்டம்மாவின் மார்புக் காயம் ஆறியது. உள்ளே ஒரு கட்டி மட்டும் கல்லாக நின்றது. மேலே தோல் சற்றே உள்ளே இழுத்துக்கொண்டது. வருடாந்திரப் பரிசோதனையில் சிறை டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

இதுதான் நடந்தது. இப்போது இதை எப்படி எழுதுவது?

திங்கட்கிழமை டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினாள். ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டையும் படங்களையும் ஒரு உறையில் போட்டாள். மாத்திரை இரண்டே இரண்டு, பிரஷருக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று. அக்காவுக்குப் போன் போட்டு, "நம்ம பக்கத்துல யாருக்காவது மார்புல கட்டி வந்திருக்கா?" என்று கேட்டாள். அக்கா சித்தியில் ஆரம்பித்துச் சித்தியின் நாத்தனார் வரை வந்து, கடைசியில் யாருக்கும் இல்லை என்று முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் எழுதினாள். வெட்டினால் எவ்வளவு வெட்டுவீர்கள்? கை தூக்க எத்தனை நாள் ஆகும்? வெட்டாமல் விட்டால் பின்னால் மாறுமா? முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அவளிடம் சீருடையைத் தவிர ஒன்றுதான் இருந்தது. அதைத் துவைத்துப் போட்டாள்.

'அடிபட்ட தேதி' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அதற்குக் கீழே பேனா ஓடவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஊசி அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தாள். தையல் கொட்டகையில் இப்போது அவளுக்கு மிஷின் இல்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பூட்டம்மா அந்தப் பக்கம் போனால் தலையைத் தூக்கமாட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பூட்டம்மா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள். நாளைக்குக் கூட வரச்சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும்.

மகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். புற்றுநோய் இல்லை என்று கேட்டதும் ஈரக் கையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ரெண்டு வாரமா நான் தூங்கலம்மா."

"சர்ஜன் கேப்பாங்க, எப்படி அடிபட்டுச்சுன்னு. நான் உள்ளதைச் சொல்லிடப் போறேன்டி."

மகளின் கை தானாக விலகியது. "அதான் ஊசின்னு எழுதிக் குடுத்துட்டியே?"

"அவளால வந்த காயம் இல்ல. உனக்குத் தெரியும்."

"அவ ஜெயில்ல இருக்கறவம்மா. நான் வாழ்ந்துகிட்டு இருக்கறவ."

அதற்குள் மருமகன் உள்ளே வந்துவிட்டான். சாப்பிட வந்தவன். கதவுக்கு அந்தப் பக்கமே பாதியைக் கேட்டிருக்கிறான். பூட்டம்மா கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த உறையை எடுத்தான், ரிப்போர்ட்டை உருவினான். அதில் அவனுக்குப் புரிந்தது அடிபட்டதைப் பற்றிய வரி ஒன்றுதான்.

"என்னை மாட்டிவிடப் பாக்கறீங்களா அத்தை?"

"அதைக் கீழ வை மாப்பிள்ளை."

அவன் ரிப்போர்ட்டை இரண்டாகக் கிழித்தான். மகள் தடுக்கப் போனாள். புறங்கையால் அவள் வாயில் ஒன்று விட்டான். அவள் பின்னால் சரிந்ததில் அரிசிப் பாத்திரம் கவிழ்ந்து தரையெல்லாம் தண்ணீரும் அரிசியும் ஆனது. அதே கையை அவன் மாமியார் பக்கம் திருப்பினான்.

தன்னை நோக்கி வருகிற கையை என்ன செய்வது என்று பூட்டம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள், திருகினாள், அவன் காலுக்குப் பின்னால் தன் காலைக் கொடுத்தாள். டயர் தூக்குகிற உடம்பு அரிசித் தண்ணீரில் வழுக்கி முகம் குப்புற விழுந்தது. முதுகில் முழங்காலை ஊன்றினாள். அவன் பின்னால் கையை வீசி அவள் முன்கையை நகத்தால் கிழித்தான். அவள் அவனுடைய வலது கையை மேலே தூக்கினாள், இன்னும் தூக்கினாள். அவன் கத்தினான். நிறுத்தலாம் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்தவில்லை. தோள்மூட்டு 'மளுக்' என்று இடம் பெயர்ந்தது. அவன் குரல் கத்தலிலிருந்து கேவலாக மாறியது. அவள் அவன் பிடரிமுடியைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவதற்குத் தூக்கும்போது இரண்டு கைகள் அவள் கழுத்தைப் பின்னாலிருந்து சுற்றி இழுத்தன.

"விடும்மா! செத்துருவான், விடும்மா!"

பூட்டம்மா விட்டாள். மருமகனின் மூக்கிலிருந்து வந்த ரத்தம் அரிசித் தண்ணீரில் இளஞ்சிவப்பாகப் பரவியது. மகள் உதடு கிழிந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு, அம்மாவை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பூட்டம்மா முன்பே பார்த்திருக்கிறாள். தனி அறையின் மூலையில் சுருண்டிருந்த ஊசியிடம்.

"நீயும் அவரும் ஒண்ணுதாம்மா," என்றாள் மகள். "ரெண்டு பேருக்கும் கைதான் பேசும்."

"எங்கூட வந்துடுடி. இப்பவே கிளம்பு."

"நீ போம்மா. தயவுசெஞ்சு போயிடு."

உறையையும் கிழிந்த ரிப்போர்ட்டின் இரண்டு பாதியையும் பொறுக்கிக்கொண்டு பூட்டம்மா படியிறங்கினாள்.

மருமகன் போலீஸுக்குப் போகவில்லை. மாமியார் அடித்துத் தோளை இறக்கிவிட்டாள் என்று எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வான்?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தனியாகத்தான் போய் உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டை டேப் வைத்து ஒட்டியிருந்தாள். சர்ஜன் குள்ளமான அம்மா, அறுபதை நெருங்குகிறவர், மூக்குக் கண்ணாடி நூலில் தொங்கியது. ஒட்டுப்போட்ட காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, விரல் நுனியால் கட்டியை நாலா பக்கமும் அழுத்திப் பார்த்தார். முன்கையில் இருந்த நகக்கீறலையும் பார்த்தார்.

"எப்ப அடிபட்டுச்சு?"

வாய் பழகின பாட்டையே பாடியது. பதிவேட்டில் இருந்த தேதியைச் சொன்னாள். "நான் ஜெயில் வார்டர் டாக்டர். ஒரு கைதி முழங்கையால இடிச்சுட்டா."

"ஓடி வந்து இடிச்சாளா? இல்ல, சுவத்தோட வச்சுக் குத்தினாளா?"

"ஓடுறப்ப... பட்டுச்சு."

"என்ன உடுப்புல இருந்தீங்க?"

"யூனிபார்ம்தான்."

சர்ஜன் கை கழுவிக்கொண்டே சொன்னார். "அப்போ எடுத்துடலாம்மா. இது ரொம்ப ஆழத்துல இருக்கு. முழங்கை பட்டதுக்கு இவ்வளவு உள்ள கொழுப்பு சாகாது. காரணம் சரியா பொருந்தலைன்னா, எடுத்த சதையில தப்பு இல்லைன்னாலும் நான் இதை நம்பி விடமாட்டேன். சதை எடுக்கப் போட்ட ஊசி பக்கத்துல போயிருக்கலாம், கெட்டது வேற இடத்துல ஒளிஞ்சிருக்கலாம். திறந்து, முழுசா எடுத்து, பாத்துடுவோம். அடுத்த வாரம் தேதி தர்றேன்."

பூட்டம்மா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தான் ஓட்டைக்குள் போகமாட்டேன் என்றது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னாள்.

"முழங்கை இல்ல டாக்டர். ஹெல்மெட்."

சர்ஜன் திரும்பினார்.

"என் மருமகன். என் பொண்ணை அடிச்சான், நான் குறுக்க விழுந்தேன். ஓங்கி அடிச்சான். நான் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னாடி. அந்தக் கைதி ஒண்ணும் பண்ணல."

அந்தக் கணத்தில் அதைச் சொல்லவைத்தது கத்தி மேலிருந்த பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே கடைசிவரை தெளிவாகத் தெரியவில்லை. பின்னால் கேட்டவர்களிடமும் அவள் பெருமையாக எதையும் சொல்லிக்கொண்டதில்லை.

சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹெல்மெட்டின் எந்தப் பக்கம் பட்டது, காயம் எவ்வளவு அகலம், எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இப்போ பொருந்துது," என்றார். "விளிம்பு பட்ட கோடு மாதிரியே இருக்கு பாருங்க. வெட்ட வேணாம். ஆறு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன் எடுப்போம். சுருங்கியிருந்தா நிம்மதி. வளந்திருந்தா அப்ப பாத்துக்கலாம்." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "யார் அடிச்சாங்கன்னு எழுதட்டுமா? எழுதினா அது ரெக்கார்டு. அப்புறம் அழிக்க முடியாது."

"எழுதுங்க."

"உங்க பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"அவன்கூடத்தான்," என்றாள் பூட்டம்மா. அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வெளியே வரிசையில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அழுதாள். பாவம், இவளுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை கண்காணிப்பாளரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். புகார் பொய், ஊசி குற்றமற்றவள், காயம் வீட்டில் பட்டது.

கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "முடிஞ்சுபோன கதைம்மா. நீ ரிட்டயர் ஆக எத்தனை வருஷம் இருக்கு? இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாரு."

"அந்த நாப்பது நாளை அவளுக்குத் திருப்பிக் குடுக்கணும் சார்."

"உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கற."

"பரவாயில்ல சார். அவளைக் கூப்பிடுங்க, அவகிட்ட நானே சொல்றேன்."

ஊசி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பூட்டம்மா சொல்லி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னை மன்னிச்சுடு" என்பது வரைக்கும் பூட்டம்மா வந்துவிட்டாள்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்," என்றாள் ஊசி. "உள்ள வச்சு அடிச்சியே, அதை எழுதினியா?"

கண்காணிப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசி வலது கையை மேஜைமேல் வைத்தாள். ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் கோணலாக நின்றது. மடக்க முயன்றாள். மற்ற நாலும் மடங்கின, அது மடங்கவில்லை. "இந்த விரலை வச்சுத்தான் வெளிய போய்ப் பொழைக்கணும்னு இருந்தேன். நூல் கோக்க முடியல. பட்டன் தைக்க முடியல. என் பொண்ணுக்குச் சோறு எதை வச்சுப் போடுவேன்? பொய் சொன்னதை மட்டும் எழுதிட்டு நல்லவ ஆகலாம்னு பாக்கறியா?"

இருபத்து நான்கு வருடத்தில் ஒரு கைதி அவளை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பூட்டம்மாவுக்கு முகமெல்லாம் கொதித்தது. பழக்கதோஷம், கை இடுப்பில் இருந்த லத்திமேல் போயிற்று. போன கையைப் பார்த்தாள். லத்தியைக் கழற்றிக் கண்காணிப்பாளரின் மேஜைமேல் வைத்தாள். இன்னொரு காகிதம் கேட்டு வாங்கி, அங்கேயே குனிந்து, எத்தனை அடி, எங்கெங்கே, விரல் எப்படி ஒடிந்தது என்று எழுதினாள். ஊசி அது முடியும்வரை நின்று, வாங்கி, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள்.

"எட்டு அடி இல்ல. பதினொண்ணு," என்றாள்.

பூட்டம்மா அடித்துத் திருத்தினாள்.

முதல் காகிதத்தோடு நின்றிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். இரண்டாவது காகிதம் வேலையை உலுக்கிவிட்டது. தற்காலிகப் பணி நீக்கம், விசாரணை. ஊசியின் சார்பில் ஒரு வக்கீல் போட்ட வழக்கில் பூட்டம்மா குற்றவாளிக் கூண்டில் ஏறி, "ஆமாம், செய்தேன்" என்றாள். பதவி இறங்கி, இன்னொரு சிறையின் உடுப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். கைதிகள் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஊசிக்கு நாற்பது நாள் திரும்பக் கிடைத்தது, விரல் கிடைக்கவில்லை. அவள் விடுதலையாகிப் போகும்போது பூட்டம்மாவைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

மகள் மூன்று மாதம் போனையே எடுக்கவில்லை. நான்காவது மாதம் ஒரு காலை நேரத்தில் ஒரு பையும் வீங்கிய வாயுமாக வந்து கதவைத் தட்டினாள். முன்பல் ஒன்று இல்லை. அம்மா எழுந்து செருப்பை மாட்டுவதைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவரை அடிக்கப் போறதா இருந்தா நான் இப்பவே வேற எங்கயாவது போயிடறேன்."

"அடிக்கப் போகலடி. ஸ்டேஷனுக்கு. நீ வந்தா ரெண்டு பேரும் போலாம்."

மகள் பையைக் கீழே வைத்தாள். இருவரும் போனார்கள். சர்ஜன் எழுதிய பக்கத்தின் நகலும் புகாரோடு போயிற்று. மருமகன் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் அவன் வலது தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு நடப்பான். அதைப் பார்க்கும்போது தனக்குள் சந்தோஷம் கிளம்புகிறது என்பதைப் பூட்டம்மா மகளிடமும் சொல்லியிருக்கிறாள். "எனக்குப் பயமா இருக்குடி, இந்தச் சந்தோஷம்."

ஆறாவது மாத ஸ்கேனுக்கு மகள் கூட வந்தாள். பதினெட்டு மில்லிமீட்டர் இருந்த கட்டி ஏழாகச் சுருங்கியிருந்தது. இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். வெளியே வந்து ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மகள் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக் கடைவாயில் போட்டு மென்றாள்.

"பல்லு கட்டிக்கணும்டி," என்றாள் பூட்டம்மா.

"கட்டிக்கலாம். கோர்ட்ல காட்டணும், கேஸ் முடியட்டும்னு வக்கீல் சொல்லியிருக்கார்," என்றாள் மகள். "அது வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."